போட்டியில் பிறந்த கட்டடங்கள்

சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் அரூர்க் கடைவீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு நிழலின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு புறம் தீர்த்தமலை, மறு புறம் சித்தேரி மலை. இரண்டிற்கும் இடையே பரந்து கிடக்கும் செம்மண் பூமி, பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்ந்துகொண்டிருக்கும். அந்த ஊரில், ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவன் நான். என் தந்தையார் தம் கையால் எழுப்பிய எங்கள் வீட்டுக்கு ஒன்றரை முழம் கனத்தில் மண்சுவர், மேலே நாட்டு ஓடு, முன்னே திண்ணை, நடுவே ஒரு சிறு முற்றம். அடுக்களையின் மோட்டுவளையில் புகை போவதற்கென்று ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார். அந்த இடைவெளி புகையை மட்டுமன்றி வீட்டின் வெப்பத்தையும் வெளியே இழுத்துச் சென்றது என்பது, கட்டடப் பணியில் ஓவர்சியராக முப்பது ஆண்டுகள் உழைத்த பிறகே எனக்கு விளங்கிற்று.

இன்று அந்த வீடு இல்லை. அவ்விடத்தில் கான்கிரீட் கூரை போட்ட வீடு நிற்கிறது. கட்டியவனும் நானேதான். பகலில் மின்விசிறி இல்லாமல் அதற்குள் இருத்தல் அரிது. என் தந்தையாருக்குத் தெரிந்த ஒன்றை நான் படித்து மறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு என் பழைய நண்பர் ஒருவரின் பேத்தி என்னைப் பார்க்க வந்தாள். நகரத்துக் கல்லூரி ஒன்றில் கட்டடக்கலை பயில்பவள். கையில் சுருட்டிய வரைபடங்கள், முகத்தில் கவலை. "தாத்தா, மலைக் கிராமத்திற்கு ஏற்ற மருத்துவமனை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி ஒரு போட்டி வந்திருக்கிறது. மின்சாரமும் தண்ணீரும் மிகக் குறைவாகச் செலவாக வேண்டும். அந்தந்த இடத்துப் பொருளால் கட்டப்பட வேண்டும் என்பது நிபந்தனை. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்யலாம் என்றிருக்கிறோம். ஆனால் நான்கு மாத உழைப்பு. நுழைவுக் கட்டணம் வேறு. வென்றாலும் கட்டுவார்கள் என்பதற்கு உறுதியில்லை. இதனால் எனக்கு என்ன பயன் என்று அப்பா கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றாள்.

அவள் தந்தையார் புளி வணிகர். கணக்குத் தெரிந்தவர். அவருடைய கேள்வியில் தவறில்லை. நான் உடனே விடை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வா என்று அனுப்பிவிட்டு, கட்டடப் போட்டிகளின் வரலாற்றை என் புத்தகங்களில் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொன்னதையே இன்று நேயர்களாகிய உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

வளங்குன்றாக் கட்டடக்கலை என்பது இக்காலத்துச் சொல். மண்ணையும் மரத்தையும் நீரையும் எரிபொருளையும் நம் பேரப் பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்துக் கட்டுதல் என்பதே அதன் பொருள். சொல் புதிதாயினும் பொருள் பழையது. போட்டி வைத்துக் கட்டட வடிவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் பழையதே. இவ்விரண்டும் ஒன்றாகக் கூடிய ஒரு நிகழ்ச்சியை இத்தாலி நாட்டின் வரலாற்றிலேயே காண்கிறோம்.

புளோரன்சு நகரத்தில் 1401-ஆம் ஆண்டில் ஒரு கோவிலின் வெண்கலக் கதவுகளுக்காகப் போட்டி ஒன்று நடந்தது. புரூனெல்லெஸ்கி என்னும் இளைஞர் அதில் கலந்துகொண்டார்; கிபெர்ட்டி என்பவரிடம் தோற்றார். பின்னர் அவர் கருத்து கட்டடங்களின் பக்கம் திரும்பியது. பழைய உரோமாபுரியின் இடிபாடுகளுக்கிடையே சென்று அளந்தும் வரைந்தும் கற்றார் என்று கூறுவர். அதே நகரத்தின் பெருங்கோவிலுக்கு மாபெரும் குவிமாடம் ஒன்று வேண்டும் என்று 1418-ஆம் ஆண்டில் மற்றொரு போட்டி அறிவித்தார்கள். அவ்வளவு அகன்ற மாடத்தை எழுப்ப வேண்டுமானால், அதைத் தாங்கி நிற்பதற்குத் தரையிலிருந்து ஒரு காட்டையே வெட்டிச் சாரம் கட்ட வேண்டும் என்பது அக்காலத்தாரின் எண்ணம். தரையிலிருந்து எழும் அந்தச் சாரமே இல்லாமல், கட்ட கட்டத் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் வகையில் செங்கலை அடுக்கலாம் என்றார் புரூனெல்லெஸ்கி. 1420-இல் வேலை தொடங்கிற்று. 1436-இல் மாடம் மூடப்பட்டது. அது இன்றும் நிற்கிறது. அவர் தோற்ற 1401-ஆம் ஆண்டின் வெண்கலப் பலகையும் அந்நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. வென்றதும் நிற்கிறது, தோற்றதும் நிற்கிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. அதற்கென ஒரு பேரவை மண்டபமும், மாநிலக் கல்லூரிக்கு ஒரு கட்டடமும் தேவைப்பட்டன. 1864-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் இவ்விரண்டிற்கும் வடிவங்களை வரைந்து அனுப்புமாறு போட்டி அறிவித்தது. அப்பொழுது வங்காளத்துப் பொதுப்பணித் துறையில் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் என்னும் ஆங்கிலேய இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது 25-ஐ ஒட்டியது. பெயர் சொல்லத்தக்க கட்டடம் எதையும் அதுவரை அவர் கட்டியிருக்கவில்லை. அவருடைய வரைபடங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவர் சென்னைக்கு அழைக்கப்பட்டார். நாளடைவில் சென்னை அரசாங்கத்தின் கட்டடக்கலை ஆலோசகராகவும் அமர்ந்தார். ஒரு சுருள் காகிதம் ஒரு மனிதனை ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்திற்கு மாற்றி, அவன் வாழ்நாளின் போக்கையே திருப்பிவிட்டது.

ஆனால் நான் வியப்பது வேறொன்றை. மாநிலக் கல்லூரி 1870-இல் திறக்கப்பட்டது. இத்தாலியப் பாணியில் அமைந்த அழகிய கட்டடம் அது. பேரவை மண்டபத்தின் வேலையோ 1874-இல்தான் தொடங்கி 1879-இல் முடிந்தது. இரண்டும் ஒரே போட்டியின் பிள்ளைகள், கட்டியவரும் ஒருவரே. எனினும் கடற்கரைச் சாலையில் நின்று இரண்டையும் பார்ப்பவர்கள், இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நம்பமாட்டார்கள். பேரவை மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் குவிமாடம் தாங்கிய கோபுரங்கள். வளைவுகள் தொடர்ந்து வரும் அகன்ற தாழ்வாரங்கள். வண்ணம் தீட்டிய சுவர்கள். இந்திய மண்ணின் மணம் அதில் வீசுகிறது.

இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன? அந்த இளைஞர் இந்நாட்டைக் கற்றார் என்பதே விடை. அக்காலத்தில் சென்னையின் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்தியாவில் கட்டுவோர் இந்தியக் கட்டடங்களிலிருந்து கற்க வேண்டும் என்று 1870-இல் ஒரு சொற்பொழிவில் வற்புறுத்தினார். மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் புதுப்பிக்கும் பொறுப்பு சிசோமிடம் வந்தது. அந்த மகாலின் தூண்களுக்கிடையே நின்றவர்களுக்குத் தெரியும், வெளியே அனல் வீசும்போதும் உள்ளே ஒரு குளிர்ச்சி தங்கியிருப்பது. சேப்பாக்கம் அரண்மனையை ஒட்டியும் அவர் கட்டடம் எழுப்பினார். சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையையும் பின்னர் ஏற்றார். நம் கொத்தர்களும் தச்சர்களும் சுண்ணாம்பு அரைப்பவர்களும் அவருக்கு ஆசிரியர்களானார்கள்.

அந்தக் கல்வியின் கனியைத் திருவனந்தபுரத்தில் காணலாம். 1880-இல் நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகம் சிசோம் கட்டியதே. கேரளத்துக் கோவில்களையும் இல்லங்களையும் பின்பற்றிய சரிந்த கூரைகள், மரவேலை, காற்று புகுந்து வெளியேறும் சுவரமைப்பு ஆகிய அனைத்தும் கூடி, மின்விசிறி என்பதையே உலகம் அறியாத காலத்தில் அந்தக் கூடத்தைக் குளிர்ச்சியாக வைத்தன. அவர் பின்னர் பரோடா சமஸ்தானத்திற்குச் சென்றார். மேஜர் மாண்ட் 1881-இல் இறந்தமையால் நின்றுபோயிருந்த லட்சுமி விலாச அரண்மனையை 1890-இல் முடித்து வைத்தவரும் அவரே.

ஆகவே, போட்டி சிசோமுக்கு என்ன தந்தது? புகழைத் தந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதைவிடப் பெரிதாக, கற்பதற்கு ஓர் இடத்தையும் காலத்தையும் தந்தது என்பேன். 1864-இல் வென்ற வரைபடத்தைவிட 1874-இல் கட்டத் தொடங்கிய மண்டபம் சிறந்தது. வெற்றியோடு அவர் நின்றிருந்தால், வங்கக்கடல் ஓரத்தில் இத்தாலியக் கட்டடம் ஒன்றுக்கு இரண்டாக நின்றிருக்கும், அவ்வளவே.

இனி விடுதலை பெற்ற இந்தியாவில் நிகழ்ந்த மற்றொரு போட்டியைச் சொல்கிறேன். குஜராத் மாநிலம் 1960-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் பிறந்தது. அடுத்த ஆண்டே, குறைந்த செலவில் வீடு கட்டுவதற்கு ஏற்ற வடிவத்தைக் கண்டறிய அம்மாநிலத்தின் வீட்டு வசதி வாரியம் அகில இந்தியப் போட்டி ஒன்றை நடத்தியது. சார்லஸ் கொரியா என்னும் இளைஞர் அதில் முதற்பரிசு பெற்றார். 1930-இல் செகந்திராபாத்தில் பிறந்த அவர், அமெரிக்காவில் பயின்று திரும்பி, பம்பாயில் 1958-இல் தொழில் தொடங்கியிருந்தார்.

போட்டி கேட்டது, மாடி மேல் மாடியாக அமைந்த குடியிருப்பு. கொரியா அதைக் கொடுக்கவில்லை. நெருக்கமாக ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளை வரைந்தார். மாடிக் குடியிருப்பில் எத்தனை குடும்பங்கள் தங்குமோ, அத்தனை குடும்பங்கள் அதே நிலத்தில் இவ்வீடுகளிலும் தங்கலாம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் கிடைக்கும் இடமோ அதிகம் என்று காட்டினார். வீடு அகலம் குறைந்து நீளம் மிகுந்து குழாய் போல் இருந்தமையால், குழாய் வீடு என்றே அதற்குப் பெயர் வந்தது. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் இருப்பதால் பக்கச் சுவர்களில் வெயில் படுவதில்லை. வெயில் படும் முகங்கள் இரண்டே, அவையும் குறுகியவை.

அதன் உள்ளமைப்பு இன்னும் நுட்பமானது. கூரை சாய்ந்து உயர்ந்து செல்கிறது. சூடேறிய காற்று அதன் அடிப்புறத்தைத் தழுவியவாறே மேலேறி, உச்சியில் விட்ட திறப்பின் வழியாக வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, வாசற்பக்கத்தில் அமைந்த சாய்வுப் பலகைகளின் வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது. பலகைகளைத் திருப்பிக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். மின்சாரம் வேண்டா; இயந்திரம் வேண்டா. காற்று தன் இயல்பினாலேயே வேலை செய்கிறது. இதைப் படித்தபோது, எங்கள் வீட்டு மோட்டுவளையில் என் தந்தையார் விட்டிருந்த ஒரு சாண் இடைவெளியே என் கண்முன் வந்து நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனார் அறிந்திருந்ததை, அமெரிக்காவில் பயின்ற மேதை அளந்து, கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஏற்ற விதியாக்க முயன்றார். இரண்டு அறிவும் ஓர் ஊற்றிலிருந்து பிறந்தவையே.

அந்தப் போட்டியிலிருந்து மாதிரி வீடு எழுந்தது, பெருங்குடியிருப்பு எழவில்லை. மாதிரியும் பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது. வணிகக் கணக்கில் பார்த்தால் இது நட்டம். ஆயினும் வெப்பம் மிகுந்த நாட்டில் கட்டடத்தின் குறுக்குவெட்டே மூச்சு விட வேண்டும் என்ற அந்தக் கருத்து, கொரியாவின் பிற்கால வீடுகள் பலவற்றில் மீண்டும் மீண்டும் வந்தது. பெரு நாட்டின் லிமா நகரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு 1969-இல் நடந்த குறைந்த செலவு வீட்டுப் போட்டிக்கு வெளிநாடுகளிலிருந்து அழைக்கப்பெற்ற 13 வல்லுநர்களுள் அவரும் ஒருவர். 1980-களில் நவி மும்பையின் பேலாப்பூரில், எளிய மக்கள் தம் விருப்பப்படி வளர்த்துக்கொள்ளத்தக்க வீடுகளை முற்றங்களைச் சுற்றி அமைத்தார். 2006-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்; 2015-இல் மறைந்தார். இடிந்து போன ஒரு மாதிரி வீடு, இடியாத பல வீடுகளுக்கு வித்தாக இருந்தது.

ஆண்களை மட்டுமே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று என் நண்பரின் பேத்தி குறுக்கிட்டாள். நியாயந்தான். அவளுக்கு வங்காள தேசத்தின் மரினா தபஸ்ஸும் அம்மையாரின் கதையைச் சொன்னேன். 1990-களின் நடுவில் டாக்காவில் படிப்பை முடித்த அவர், 1995-இல் காஷெஃப் சௌத்ரி என்பவரோடு சேர்ந்து ஒரு சிறு தொழிலகம் தொடங்கினார். தம் நாட்டின் விடுதலை நினைவுச் சின்னத்திற்கும் அருங்காட்சியகத்திற்குமான தேசியப் போட்டியில் இருவரும் 1997-இல் வென்றனர். தொழிலகத்திற்கு அப்பொழுது வயது இரண்டு. ஆனால் அந்தச் சின்னம் கட்டி முடிந்தது 2013-இல். 16 ஆண்டுகள்! வெற்றி மாலை விரைவில் வாடிவிடும். பொறுமை வாடாதிருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

காத்திருந்த அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. டாக்காவின் புறநகரில் செங்கற்களாலேயே ஒரு பள்ளிவாசலை எழுப்பினார். சுவர்களின் இடுக்குகளின் வழியே காற்றும் ஒளியும் புகுந்து வரும்படி அமைத்த அக்கட்டடத்திற்கு 2016-இல் ஆகா கான் விருது கிடைத்தது. பின்னர், ஆற்று மணல் திட்டுகளில் வாழ்ந்து, வெள்ளம் வரும்போதெல்லாம் வீடிழக்கும் மக்களுக்காக, மூங்கிலும் இரும்பு இணைப்புகளும் கொண்டு, பிரித்து எடுத்துச் சென்று மறுபடியும் நிறுத்திக்கொள்ளத்தக்க சிறு வீட்டை வடிவமைத்தார். அதற்கு 2025-இல் அதே விருது மீண்டும் வழங்கப்பட்டது. தேசத்தின் சின்னத்தை வரைந்து பெயர் பெற்ற கை, வீடற்றவனின் குடிலை வரையவும் இறங்கி வந்தது. போட்டியில் கிடைத்த பெயரை எதற்குச் செலவிடுவது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதுவரை சொன்னவை வெயிலின் பக்கம். நிழலின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உண்மை பேசியவன் ஆகேன்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இசைநாடக அரங்கை உலகம் முழுவதும் அறியும். அதற்கான போட்டியில் 1957-இல் 233 வடிவங்களிலிருந்து டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்ன் உட்சனின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வேலை நடுவில் இருக்கும்போதே அரசாங்கத்தோடு பிணக்கு முற்றி, 1966-இல் அவர் பொறுப்பைத் துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார். 1973-இல் அரங்கம் திறக்கப்பட்டது. 2008-இல் இறக்கும் வரையில், கட்டி முடிந்த அந்த அரங்கை அவர் நேரில் காணவேயில்லை. பெரும் வெற்றியே பெரும் வேதனையானதும் உண்டு.

என் அனுபவம் இவ்வளவு பெரிதன்று. இளமையில் நானும் ஒரு போட்டியில் கலந்துகொண்டேன். கிராமப் பள்ளிக்கூடத்திற்கு மாதிரி வடிவம் கேட்டிருந்தார்கள். அலுவலக வேலை முடிந்த பிறகு, இரவுகளில் அரிக்கேன் விளக்கின் ஒளியில் இரண்டு மாதம் வரைந்தேன். தாளுக்கும் மைக்கும் செலவிட்ட பணம், அந்த மாதத்து அரிசிக்கென்று என் மனைவி எடுத்து வைத்திருந்தது. அனுப்பினேன். முடிவு அறிவிக்கப்படவே இல்லை. கடிதம் எழுதினேன், விடையில்லை. வரைபடங்களும் திரும்பி வரவில்லை. நடத்தியவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அதனால் இனி யாருக்கும் நன்மையில்லை. ஆனால் தோற்றேன் என்று தெரிந்திருந்தால் ஆறியிருப்பேன். என் படத்தை யாரேனும் விரித்துப் பார்த்தார்களா என்பதே தெரியாமல் போனதுதான் நெடுங்காலம் உறுத்திற்று. அதன் பிறகு நான் எந்தப் போட்டிக்கும் வரையவில்லை. என் தந்தையாரின் மண்வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டியவன் அந்த மனச்சோர்வுற்ற மனிதன்தான் என்று இப்பொழுது தோன்றுகிறது.

போட்டியைப் புகழ்பவர்கள் ஒரு வாதம் சொல்வதுண்டு: அங்கே பெயர் மறைக்கப்படுகிறது, ஆகையால் ஏழையும் செல்வனும், புதியவனும் பழையவனும் சமம் என்பது. பாதி உண்மை இது. பெயரை மறைக்கலாம், ஓய்வை மறைக்க முடியாது. சிசோம் போட்டிக்கு வரைந்தபோது அவருக்கு அரசாங்கச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கொரியாவுக்குச் சொந்தத் தொழிலகம் இருந்தது. நான்கு மாதம் ஊதியமின்றி வரைவதற்கு வசதியுள்ளவர்கள்தாம் வரைய முடியும் என்றால், அரூரிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் வரும் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? நூறு பேர் வரைந்து ஒருவர் வெல்லும்போது, மற்ற 99 பேரின் உழைப்பையும் போட்டி நடத்துவோர் விலையின்றிப் பெற்றுக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கைப் புளி வணிகர் ஒரு நொடியில் போட்டுவிட்டார்; நாம்தான் போடத் தயங்குகிறோம்.

ஆகவே போட்டி நல்லதா, தீயதா என்று கேட்பதைவிட, எந்தப் போட்டி நல்லது என்று கேட்பதே முறை. நடுவர்கள் யார் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர்களுள் கட்டடம் கட்டத் தெரிந்தவர்கள் பெரும்பான்மையராக இருக்க வேண்டும். வரைபடத்தின் உரிமை வரைந்தவனிடமே இருக்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கேனும் உழைப்பூதியம் தரவேண்டும். முடிவு குறித்த நாளில் வெளிவர வேண்டும். தோற்றவர்களுக்கு ஏன் தோற்றார்கள் என்று ஒரு வரியேனும் எழுதி அனுப்ப வேண்டும். இந்நாட்டில் 1972-ஆம் ஆண்டின் சட்டத்தால் கட்டடக்கலைஞர்களுக்கென ஒரு மன்றம் அமைந்துள்ளது. போட்டிகள் நேர்மையாக நடைபெறுவதற்கு அம்மன்றம் வழிகாட்டு நெறிகளையும் வகுத்திருக்கிறது. இளைஞர்கள் கட்டணம் செலுத்துமுன் அவற்றைப் படித்தல் நலம்.

வளங்குன்றாக் கட்டடக்கலைக்கான போட்டிகளுக்கு இவற்றோடு மற்றொரு பயனும் உண்டு. அழகை மட்டும் காட்டும் போட்டியில் படம் வென்றுவிடும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், சுவரின் உட்புறம் எத்தனை பாகை வெப்பம் என்று கணக்குக் கேட்கும் போட்டியில் படம் மட்டும் வெல்லாது. 2020-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கிய சோலார் டெக்கத்லான் இந்தியா என்னும் மாணவர் போட்டி அத்தகையது. கட்டடக்கலை மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரே குழுவில் அமர்ந்து, ஆண்டு முழுவதும் தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே ஆக்கிக்கொள்ளும் கட்டடத்தை வடிவமைக்க வேண்டும் என்பது அதன் முறை. உண்மையான கட்டட உரிமையாளர் ஒருவரோடு கலந்து பேசியே செய்ய வேண்டும். கல்லூரி வகுப்பறையில் தனித்தனியே கற்றவற்றை ஒருங்கே பொருத்திப் பார்க்க இதைவிட நல்ல களம் இல்லை. வெற்றி பெறாதவனும் கணக்குப் போடக் கற்றவனாகவே வெளியே வருகிறான். பின்னாளில் வேலை கேட்டுச் செல்லுமிடத்தில் அந்தக் கணக்கு அவனுக்காகப் பேசும்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். போட்டியின் நிபந்தனைகளை இருவரும் சேர்ந்து படித்தோம். நடுவர்களின் பெயர் இருந்தது. முடிவு நாள் இருந்தது. உரிமை வரைபவர்களுக்கே என்றும் இருந்தது. "வெல்வதற்காக மட்டும் வரைவதானால் வேண்டா. சித்தேரி மலைக்கு நாலு தடவை போய், அங்கே உள்ளவர்கள் எந்த மண்ணில் சுவர் வைக்கிறார்கள், எந்தப் புல்லில் கூரை வேய்கிறார்கள், மழைக்காலத்தில் எந்தப் பக்கம் வாசலை மூடுகிறார்கள் என்று கேட்டு வந்து வரைவதானால் வரை" என்றேன்.

அவள் நான்கு முறையன்று, ஆறு முறை சென்றாள். மலையில் ஒரு மூதாட்டி, சுவருக்கு மண் மிதிக்கும்போது எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தாராம். சுண்ணாம்பைப் பற்றிக் கேட்க என்னிடம் வந்தாள். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தவை பலவும், சொல்லத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடுக்காய் ஊறிய நீரின் மணம்கூட வந்தது.

அவர்கள் வெல்லவில்லை. இறுதிச் சுற்றுக்கும் செல்லவில்லை. ஆனால் நடுவர்களிடமிருந்து ஒரு பக்கக் குறிப்பு வந்தது. சுவரின் கனத்தையும் வெப்பத்தையும் பற்றிய கணக்கு நன்று. மழைநீர் வடிகால் போதாது என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்திருக்க வேண்டிய கடிதம் அது என்று எண்ணிக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை.

அவள் தந்தையாரும் அந்தத் தாளைப் படித்தார். கணக்கு நன்று என்ற சொல் அவர் மனத்தில் தைத்திருக்க வேண்டும். கோடையில் சூடேறினால் புளி கறுத்துப் போகிறது என்பது அவருடைய பழைய கவலை. மண்டிக்குப் பின்னால் கிடந்த காலி மனையில் புளி வைக்க ஒரு கிடங்கு கட்ட வேண்டியிருந்தது. தகரக் கொட்டகைக்கு விலை பேசி வைத்திருந்தார். அதை நிறுத்திவிட்டு, "உன் கணக்குப்படி நீயே ஒன்று போட்டுக் கொடு" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

அந்தக் கிடங்கின் சுவர் இப்பொழுது நிலைப்படி மட்டத்திற்கு எழும்பியிருக்கிறது. செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்த கனமான சுவர். மோட்டில் நீள நெடுக ஒரு சாண் இடைவெளி. வடிகாலை இம்முறை பெரிதாகவே அமைத்திருக்கிறாள். மாலை வேளைகளில் நான் அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொத்தனார்கள் சிலருக்கு மண்சுவர் என்றால் நகைப்புத்தான். புளியின் நிறம் மாறுமா, மாறாதா என்பது வருகிற சித்திரையில் தெரிந்துவிடும். அந்தத் தேர்வுக்கு வெயிலைத் தவிர வேறு நடுவர் இல்லை.